பதினேழாம் தேதியின் ஒலிப்பதிவு

ஜனவரி 6, செவ்வாய்

பனி. மாடிப்படிக் கைப்பிடி நனைந்திருந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் எட்டு மணிக்கும் கண்டெய்னர் லாரிகள் விளக்கோடு. வாடைக் காற்று லேசாக.

வானொலி நிலையத்தில் இன்றைய வேலை:
டிசம்பர் ஒலிபரப்புப் பதிவேட்டுக்குப் பக்க எண் – முடிந்தது.
விளம்பர நிமிடங்கள் கூட்டல் – பாதி.
உரிமப் புதுப்பிப்புக் கோப்புக்குக் கூட்டக் குறிப்பு நகல் – ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் பதிவுத் தபால். மத்திய அரசு உறை. தபால்காரர், "கட்டத்துக்குள்ள போடுங்க சார், கையெழுத்து வெளிய போவுது" என்றார். உள்ளே போட முடியவில்லை.

உறையைப் பிரிக்குமுன் தபால் பதிவேட்டில் ஏற்றி, தேதி முத்திரை குத்தினேன். பழக்கம். பிறகுதான் படித்தேன். அக்டோபர் 17 மாலை எங்கள் வானொலி ஒரு தொழிற்சாலையின் பெயரைச் சொல்லி, வாயு கசிகிறது என்று உறுதிசெய்யாத செய்தியைப் பரப்பி, மக்களிடையே பீதி கிளப்பியதாகப் புகார். அன்று இருந்தது தீபாவளிப் பட்டாசுப் புகை மட்டுமே என்கிறது தொழிற்சாலை. இம்மாதம் 20-ஆம் தேதி முழு ஒலிப்பதிவோடும் பதிவேட்டோடும் நேரில் வர வேண்டும். அதுவரை உரிமப் புதுப்பிப்பு நிறுத்திவைப்பு.

எங்களைப் போன்ற சமூக வானொலி செய்தி சொல்லக் கூடாது. காற்று, கடல், மழை, குடிநீர் லாரி, மின்வெட்டு சொல்லலாம். ஒலிபரப்பியது எதுவானாலும் மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டை மீறினால் உரிமம் போகும். ஒப்பந்தத்தை நான்தான் கோப்பில் கட்டி வைத்தேன். மனப்பாடம்.

மேலாளர் பிரபாகர் (இனி பி.) இரண்டு முறை படித்தார். "அக்டோபர் பதினேழா? அந்த வாரம் கம்ப்யூட்டர்ல மழைத் தண்ணி இறங்கிக் கிடந்ததே சார். மைக்லேருந்து நேரா ஏத்தினோம். ரெக்கார்டிங்கே கிடையாதே."

தபால் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தேன்.

ரெக்கார்டிங் இருக்கிறது. என் வீட்டில்.

ஜனவரி 7, புதன்

இரவு தூக்கம் சரியில்லை. ரத்த அழுத்த மாத்திரை போட்டேனா என்று சந்தேகம். மறுபடி போடவும் பயம். அட்டையை எண்ணிப் பார்த்ததில் போட்டிருக்கிறேன்.

எழுதி வைக்கிறேன், தலைக்குள் சுற்றுவதைவிட இது மேல்.

கணினியை நான் நம்பியதில்லை. ராயபுரத்தில் கப்பல் ஏஜென்சியின் ஆவணப் பிரிவில் இருந்த காலம் முழுக்க எந்தச் சரக்குப் பட்டியலுக்கும் கூடுதலாக ஒரு நகல் என் அலமாரியில் இருக்கும். ஓய்வுக்குப் பிறகு இந்த வானொலியில் ஆவணப் பொறுப்பாளர் என்று ஒரு நாற்காலி கொடுத்தார்கள். சம்பளம் இல்லை, டீ உண்டு. பழக்கம் கூடவே வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் நிலையம் தெளிவாக எடுப்பது அடுக்களை ஜன்னலில் மட்டும். ரேடியோ அங்கே. அதற்கும் மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் நடுவில் சின்ன ரெக்கார்டர். மாலை ஒலிபரப்பு முழுவதும் பதிவாகும். வாரத்துக்கு ஒரு மெமரி கார்டு. பழைய மூக்குக்கண்ணாடிக் கூடுகளில் போட்டு, மேலே தேதி ஒட்டி வைப்பேன். மூன்று மாதம் கழிந்ததும் அழித்து மறுபடி பயன்படுத்துவேன். பதிவு செய்வது மனைவி சரோஜாவைத் தவிர யாருக்கும் தெரியாது; கூடுகளில் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. தெரிந்தால் சிரிப்பார்கள் என்றுதான் சொல்லவில்லை. இப்போது சிரிக்க மாட்டார்கள்.

கூடு இருக்கிறது. "அக். 13–19." திறந்தேன். கார்டு இருக்கிறது. மூடினேன்.

கேட்கவில்லை. காரணம் உண்டு. அன்று மாலை அந்தக் கம்பெனியின் பெயர் என் காதில் விழுந்தது. தெளிவாக, முழுப் பெயராக. அது மறக்கவில்லை. பெயரை இங்கேயும் எழுத மாட்டேன். வடக்குக் கம்பெனி என்று வைத்துக்கொள்கிறேன்.

அன்று மைக்கில் இருந்தது தேசம்மா. காலையில் மார்க்கெட்டில் மீன், மாலையில் "சாயங்காலக் கரை" நிகழ்ச்சி. காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எப்படி, எந்த வலைக்கு என்ன மீன் என்று சொல்வாள். எர்ணாவூர் முதல் காசிமேடு வரை போட்டுக்காரர்கள் அவள் சொன்னால் படகைக் கடலில் இறக்குவார்கள், வேண்டாம் என்றால் இறக்க மாட்டார்கள்.

பதிவைக் கொடுத்தால் அவள் போவாள். கொடுக்காவிட்டால் நிலையம் போகும்.

ஜனவரி 8, வியாழன்

வெயில். காற்றில் மணலிப் பக்கத்து எண்ணெய் வாடை, வழக்கமான அளவு.

ஒப்பந்தத்தை முழுக்க மறுபடி படித்தேன், அடிக்குறிப்புகள் உட்பட. நிலைய ஊழியர் ஒருவர் தன் வீட்டில் ஒலிபரப்பைப் பதிவுசெய்து வைக்கலாமா கூடாதா என்று எங்குமே இல்லை. கூடாது என்று இல்லை. கூடும் என்றும் இல்லை. இப்படிப்பட்ட மௌனம்தான் எனக்குப் பயம். ஏஜென்சியில் எங்கள் மேலதிகாரி சொல்வார், எழுதாத விதிக்குத்தான் அபராதம் அதிகம் என்று.

தெரியாத எண்ணிலிருந்து இரண்டு அழைப்பு. எடுக்கவில்லை. கம்பெனி வக்கீலாக இருக்கலாம்.

பால், உளுந்து, சரோஜாவின் இரைப்புக்கு இன்ஹேலர். இன்ஹேலர் மறந்துவிட்டேன். திரும்பப் போனேன்.

ஜனவரி 10, சனி

பி. கூப்பிட்டு உட்கார வைத்தார். கதவைச் சாத்தினார்.

"சார், ரெக்கார்டிங் இல்லேங்கிறதுக்கு கம்ப்யூட்டர் ரிப்பேர் பில் வெச்சிருக்கேன். அது ஒரு சின்னத் தப்பு, மன்னிப்பாங்க. பெரிய தப்பு பேர் சொன்னது. அதுக்கு ஒரு ஆள் வேணும்."

ஆள் என்றால் தேசம்மா. நிலைய அனுமதியின்றிப் பேசினார், பணியிலிருந்து விலக்கப்பட்டார் என்று கடிதம். நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். என் ஆங்கிலம் அரசாங்கத்துக்குப் பிடிக்குமாம்.

"அவங்க சொன்னது நிச்சயம்தானா?" என்று கேட்டேன்.

"ஊரே சொல்லுது சார். நீங்க கேக்கலியா அன்னிக்கு?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை.

"அவங்களுக்கு மீன் கூடை இருக்கு சார். இங்க இருக்கிற பசங்களுக்கு இதுதான் சோறு. எனக்கும்."

பி. கெட்டவர் இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருக்கிறார். நிலையத்தைக் கட்டி எழுப்பியதே அவர்தான்.

தட்டச்சு செய்தேன். நல்ல கடிதம். ஒரு பிழை கூட இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

மாலையில் தேசம்மா வந்துவிட்டாள். படியேறும்போதே குரல்.

"இன்னா நைனா, என்னிய நிறுத்திட்டதா கவர்மெண்டுக்கு எய்திக் குட்த்துட்டியாமே?"

கொடுக்கவில்லை, தட்டச்சு மட்டும்தான் என்றேன். என்ன பதில் இது.

"டைப்பு அட்ச்சா அது எய்தினது இல்லியா? சர்தான்."

சரோஜா நாற்காலியை நகர்த்தினாள். தேசம்மா உட்காரவில்லை. கையிலிருந்த பையை சரோஜாவிடம் நீட்டி, "காரப்பொடி மீனுக்கா. கொயம்பு வெய்யி. காரமா வெய்யி, சளி எறங்கும். இவுருக்கு முள்ளு பாத்து போடு, பயந்த மனுசன்" என்றாள். கோபத்திலும் மீன் கொண்டுவந்திருக்கிறாள்.

பிறகு என்னைப் பார்த்து, "நான் பேரு சொன்னனா நைனா? நீதான் தெனம் கேப்பியே."

நினைவில்லை என்றேன். பொய்.

"எனுக்கும் நெனப்பு இல்ல. அதான் பேஜாரு. கண்ணு எரியுது, தொண்ட கம்முது, கீய சனம் கொய்ந்தைங்கள தூக்கினு ஓடுது. வாய்ல இன்னா வந்துச்சோ சொல்லிக்கினே கீறேன். சொல்லிகீறேன்னா சொன்னேன்னு கையெய்த்து போட்டுட்டு போய்கினே இருப்பேன். சொல்லாம சொன்னேன்னு நீங்க எய்தினா? அப்பால நாளிக்கு காத்து திரும்பிக்கீது, போட்டு எறக்காதேன்னு நான் சொன்னா எவன் நம்புவான்? நம்பாம எறக்கிட்டு எவனாச்சும் போய்ட்டான்னா அது யார் தலைல?"

அடுக்களை அலமாரியில் கண்ணாடிக் கூடுகள் வரிசையாக இருந்தன. அவள் அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியர்த்தது.

போகும்போது சொன்னாள்: "எனுக்கு உம்மேல கோவம் இல்ல நைனா. உன்ன அங்க குந்த வெச்சவன் மேலதான்."

கோபப்பட்டிருக்கலாம்.

குழம்பு மிக நன்றாக இருந்தது. முள்ளை சரோஜாதான் எடுத்துப் போட்டாள்.

ஜனவரி 12, திங்கள்

தெரியாத எண், மறுபடி. எடுக்கவில்லை.

தெருமுனையில் பைக்கில் இருவர், நெடுநேரமாக எங்கள் வீட்டைப் பார்த்தபடி. ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். சரோஜா எட்டிப் பார்த்து, "கீழ் வூட்டுப் பொண்ண பாக்க வந்த பசங்க, அதுக்கு நீங்க இன்னாத்துக்கு ஒளியிறீங்க" என்றாள்.

அந்தக் கார்டை வழக்கப்படி அழிக்க வேண்டிய நாள் 19. விசாரணை 20. நான் எதுவுமே செய்யாமல், வழக்கமான வேலையை மட்டும் செய்தால் போதும். அழிந்துவிடும். யாரும் கேட்க முடியாது.

இப்படி நினைக்கிறவனாக இருக்கிறேன்.

ஜனவரி 14, புதன். போகி

விடியுமுன் பறைச் சத்தம், பிள்ளைகளின் கூச்சல், டயர் புகை. எரிக்காதீர்கள் என்று மாநகராட்சி ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டே போகிறது, அதன் பின்னாலேயே எரிக்கிறார்கள். சரோஜாவுக்கு இரைப்பு. ஜன்னல்களை எல்லாம் சாத்தி, ஈரத்துணியைக் கீழ்ச்சந்தில் திணித்தேன்.

இரைப்போடும் அவள் பழையது கழிக்கிறாள். ஓட்டை வாளி, போன வருடக் காலண்டர், என் கிழிந்த பனியன். பிறகு அலமாரிக்கு வந்தாள்.

"இத்தினி கண்ணாடிக் கூடு இன்னாத்துக்கு? இருக்கறது ரெண்டு கண்ணு."

ஒரு கூட்டை எடுத்துக் கோணிப்பையில் போட்டாள். அடுத்தது அது.

"தொடாதே!"

நான் கத்தினேன். இத்தனை வருடத்தில் அவள் முன்னால் கத்தியதில்லை என்று நினைத்திருந்தேன். (நினைத்திருந்தேன் என்று ஏன் எழுதுகிறேன் என்பது கீழே.) அவள் நின்றுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், தேசம்மா, கார்டு, 19, 20.

"இத்த வெச்சிகினுதான் ஒரு வாரமா உருண்டுகினு இருந்தீங்களா? போடுங்க. கேப்போம்."

பிறகு கேட்கலாம் என்றேன்.

"எப்போ? அழிச்ச பெறகா?"

ரெக்கார்டரில் கார்டைப் போட்டதும் அவள்தான். எனக்குச் சொருக வரவில்லை.

முதலில் குக்கர் விசில். தண்ணீர் பிடிக்கும் சத்தம். பிறகு தேசம்மா. கரையில் இருக்கிற எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறாள். காற்று வாடைக்குத் திரும்பிவிட்டது என்கிறாள். வஞ்சிரம் பற்றி ஏதோ. அப்புறம் அவள் பேச்சில் ஓர் இடைவெளி. இருமல்.

கேட்டதைக் கேட்டபடி எழுதிக்கொள்கிறேன்:

"இன்னாவோ நாத்தம் வருது. வடக்கால இருந்து வருது. எங்கேருந்துனு எனுக்கு தெரியாது, தெரியாதத்த நான் சொல்ல மாட்டேன். ஜன்னல சாத்துங்க. துணிய நனைச்சி மூக்குல வெய்யுங்க. கொய்ந்த, வயசானவங்க, இரைப்பு கீறவங்கள இட்டுகினு போங்க. தெக்கால போவாதீங்க, காத்து அங்கதான் தள்ளிகினு போவுது. மேக்கால போங்க…"

இதற்குள்ளேயே சரோஜாவின் இருமல், ரேடியோவைவிடச் சத்தமாக. நாற்காலி இழுபடும் சத்தம். "மூச்சு… முடியல" என்கிறாள். அதன்பின், "மேக்கால போங்க" என்பதன் மேலேயே, ஓர் ஆண் குரல். கிழக் குரல். உடைந்து, கத்தலாக:

"இது அவன்தான்! வேற யாரு!" பிறகு வடக்குக் கம்பெனியின் பெயர். முழுப் பெயர். பிரைவேட் லிமிடெட் உட்பட. "நாசமாய்ப் போவான்! இவளை என்னடா பண்ணிட்டீங்க!"

நான்.

தேசம்மா கடைசிவரை பெயர் சொல்லவில்லை. நிகழ்ச்சி முடிந்து பாட்டு வரும்வரை கேட்டோம். எங்கும் இல்லை. என் காதில் அன்று விழுந்து, இத்தனை நாள் அவள் தலையில் நான் ஏற்றி வைத்திருந்த பெயர், என் வாயிலிருந்து வந்தது. பிரைவேட் லிமிடெட் என்று வேறு யார் சேர்ப்பார்கள். சரக்குப் பட்டியலில் ஒரு நாளும் அதை விட்டதில்லை. விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சரோஜா கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"நீங்களா இது? இன்னொருவாட்டி போடுங்க."

மூன்று முறை போடச் சொன்னாள்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

பொங்கல் பொங்கியது. கரும்பு கடிக்க முடியவில்லை, பல்.

காலையில் தேசம்மா விஷயத்தில் நிம்மதி. மத்தியானத்துக்குள் அது போய்விட்டது. அவள் தப்பித்தாள் என்றால் அந்தப் பதிவு அரசாங்க மேஜைக்குப் போயாக வேண்டும். போனால் என் குரலும் போகும். அந்தப் பெயரோடு. மானநஷ்ட வழக்கு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பெயர் சொன்னதற்கு ஆதாரம் நானே கொடுக்கிறேன், அதுவும் சான்றொப்பம் இட்டு.

ஜனவரி 17, சனி. காணும் பொங்கல்

தெருவே கடற்கரைக்குப் போய்விட்டது. நிலையத்தில் பி. மட்டும், பாட்டுகளை வரிசை போட்டுக்கொண்டு.

சொன்னேன். எழுதி எடுத்துப்போய், பார்த்துப் பார்த்துச் சொன்னேன்.

பி. எழுந்து என் இரண்டு கையையும் பிடித்தார். "சார், வீட்ல ரெக்கார்டிங்கா! அவங்க பேரே சொல்லலையா! சார், இத ஏன் சார் இத்தன நாள்…" நான் கொண்டுபோன கார்டை நகல் எடுத்து, ஹெட்போனில் கேட்டார். என் கத்தல் வந்த இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கினார், பிறகு முகம் மாறியது.

"இத மட்டும் வெட்டிடலாம் சார். ரெண்டு நிமிஷ வேலை. உங்களுக்கும் நல்லது."

எனக்கும் நல்லது. ஆமாம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது உறைத்தது. என் குரல் தேசம்மாவின் குரல் மேல் விழுந்திருக்கிறது. என்னை வெட்டினால் அவள் "மேக்கால போங்க" என்றதும் போகும். புகாரும் மக்களைக் கிளப்பிய அந்தப் பேச்சைத்தான் சொல்கிறது. அங்கே ஒரு வெட்டு இருந்தால், அந்த வெட்டுக்குள்தான் பெயர் இருந்தது என்பான் கம்பெனிக்காரன். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதுவேன். அடித்தல் திருத்தல் உள்ள பட்டியலில் அதிகாரியின் கண் முதலில் அடித்தலுக்குத்தான் போகும்.

திரும்பிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. கால் வலி என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 19, திங்கள்

கார்டு அழிக்கும் நாள். அழிக்கவில்லை. என் கார்டுப் பட்டியலில் அதற்கான கட்டத்தில் டிக் போடாமல் விட்டது இதுவே முதல் தடவை. வெறும் கட்டத்தைப் பார்க்க என்னவோ போல் இருக்கிறது.

பி. வெட்டிய பதிவைப் பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிறார். "கேட்டுப் பாருங்க, ஒட்டே தெரியல." உண்மைதான், ஒட்டுத் தெரியவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "மாற்றம் ஏதும் செய்யப்படாத முழுப் பதிவு" என்று சான்றிதழ். கீழே என் பெயர், ஆவணப் பொறுப்பாளர், கையெழுத்துக்கு இடம். தேசம்மாவைப் பற்றிய கடிதத்தை அவரே கிழித்துவிட்டார்.

"இது அப்படி இல்லையே" என்றேன்.

"என்ன சார்?"

"முழு… பதிவு."

"சார், உங்களைக் காப்பாத்தத்தான் பண்றேன். கோர்ட்டு கேஸ்னு வந்தா இந்த வயசுல தாங்குவீங்களா?"

தாங்க மாட்டேன். அது எனக்கும் தெரியும். நாளைக்கு அங்கேயே கையெழுத்துப் போடுகிறேன் என்று வந்துவிட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையே இப்படி.

நாளைக்கு எடுத்துப்போக:
பதிவேடு.
தபால் பதிவேடு.
ஆதார் நகல்.
மாத்திரை.
தண்ணீர்.
கண்ணாடிக் கூடு "அக். 13–19."

கடைசியை எழுதலாமா என்று யோசித்து எழுதினேன்.

ஜனவரி 20, செவ்வாய்

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நடந்ததா என்று சந்தேகம் வரும்.

திருவொற்றியூரிலிருந்து ரயில். தேசம்மா கஞ்சி போட்ட காட்டன் புடவை, தலை நிறையப் பூ. "கல்யாணத்துக்கு இட்டுகினு போற மாரி கீது நைனா, நீதான் மாப்ள மூஞ்சிய தொங்கப் போட்டுகினு வர்ற." பி. சிரிக்கவில்லை.

அரசு அலுவலகம். நீள மேஜை. அதிகாரி அம்மையார், ஐம்பது வயதிருக்கும், பேசும்போது எழுதிக்கொண்டே பேசுபவர். எதிரே வடக்குக் கம்பெனியின் ஆள். முழுக்கைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அட்டையில் அந்தப் பெயர். பிரைவேட் லிமிடெட் உட்பட.

பி. பென்டிரைவை நீட்டினார்.

"மாற்றம் செய்யாத முழுப் பதிவுதானே? யார் சான்று?"

பி. என்னைப் பார்த்தார். சான்றிதழ் என் முன்னால். பேனாவைத் திறந்தேன். எழுந்தேன். முழங்கால் மேஜையில் இடித்தது.

"அது முழுப் பதிவு இல்லை, மேடம். இதுதான்."

கூட்டைத் திறக்கும்போது கார்டு கீழே விழுந்தது. தேசம்மா மேஜைக்கடியில் குனிந்து எடுத்தாள். பி. என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர்கள் கணினியில் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. பக்கத்து அறையிலிருந்து கொண்டுவரப் போனார்கள். அந்த நேரம் முழுக்க நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரலாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை.

குக்கர் விசில்.

"இது என்ன சத்தம்?"

"குக்கர், மேடம். எங்கள் அடுக்களை. அங்கேதான் எடுக்கும்."

தேசம்மா பேசினாள். அவள் தன் குரலைத் தானே கேட்டு, "தெரியாதத்த சொல்ல மாட்டேன்" என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். சரோஜா இருமினாள். பிறகு நான் கத்தினேன். அந்த அறையில் அது இன்னும் சத்தமாக இருந்தது.

கம்பெனி ஆள் துள்ளி எழுந்தார். "கேட்டீங்களா மேடம்! பேரு! முழுப் பேரு!"

அம்மையார் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டார். பதிவேட்டைப் புரட்டினார். "அன்று நிலையத்தில் ஆண்கள் யாரும் இல்லை என்று இருக்கிறதே. இது யார் குரல்?"

சொல்லாமல் இருக்க ஒரு கணம் இருந்தது. அது எனக்குத் தெரிந்தது.

"என் குரல், மேடம். ரேடியோவில் இல்லை. ரேடியோவுக்கு வெளியே. என் வீட்டில்."

"ஒருவர் தன் அடுக்களையில் கத்துவது ஒலிபரப்பு ஆகாது" என்றார் கம்பெனி ஆளைப் பார்த்து. சிரிக்கவில்லை. பிறகு என்னிடம், "அன்று வந்தது பட்டாசுப் புகையா?"

"இல்லை, மேடம். மூத்திர நெடி போல. கண் எரிந்தது. என் மனைவிக்கு மூச்சு… அது இதிலேயே கேட்கிறது."

"எழுதிக் கொடுப்பீர்களா? இந்தப் புகாருக்கு அது தேவையில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பலாம். உங்கள் விருப்பம்."

என் விருப்பம். எழுதினேன். எங்கேயிருந்து வந்தது என்று தெரியாது என்றும் எழுதினேன், ஏனென்றால் அது தெரியாது. அன்று கத்தியது கோபத்தில். கோபம் ஆதாரம் ஆகாது. நெடி வந்தது, வாடைக் காற்று அடித்தது, அவளுக்கு இரைத்தது. அவ்வளவுதான். கையெழுத்துக் கட்டத்துக்குள் விழுந்தது.

கம்பெனி ஆள் தன் குறிப்பேட்டைத் திறந்து என் பெயரைக் கேட்டார். சொன்னேன். தவறாக எழுதினார். திருத்தினேன். இனிஷியலையும் சேர்க்கச் சொன்னேன், முழுமையாக இருக்கட்டும் என்று. வெளியே வந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

உத்தரவு தபாலில் வரும்.

வாசலில் பி. "கையெழுத்து போட மாட்டேன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம் சார்" என்றார். கோபமா வருத்தமா தெரியவில்லை. பஸ்ஸில் தனியாகப் போய்விட்டார்.

ரயிலில் தேசம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ராயபுரம் தாண்டியதும்: "நைனா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காத. திட்டுனியே, அதுல அந்த லிமிடெட்டு இன்னாத்துக்கு?"

பழக்கம் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் எதிர்சீட்டுக் குழந்தை விழித்து அழுதது.

ஜனவரி 21, புதன்

பனி இல்லை. வாடை நின்று, காற்றே இல்லை. இரவு இரண்டு முறை எழுந்து தாழ்ப்பாள் பார்த்தேன்.

தெரியாத எண், காலையில் மறுபடி. எடுத்தேன். கண்ணாடிக் கடை. என் புதுக் கண்ணாடி தயாராகி ரொம்ப நாளாகிறதாம், "எத்தன தடவ சார் அடிக்கிறது" என்றான்.

மூச்சு வந்தது. அடுத்த நிமிடமே, கம்பெனிக்காரன் இன்னும் கூப்பிடவில்லை, கூப்பிடுவான் என்று தோன்றியது. கூப்பிடுவான்.

நிலையத்துக்குப் போனேன். பி. குனிந்தபடியே வேலை பார்த்தார். ஆனால் இன்றைய நிகழ்ச்சித் தாளில் ஆறு மணிக்கு "சாயங்காலக் கரை – தேசம்மா" என்று அவர் கையெழுத்தில் இருந்தது. மேஜைமேல் எனக்கு டீ வைத்திருந்தார்கள், ஆறிப்போய். குடித்தேன். தபால்காரர் வந்தார், ஒன்றும் இல்லை.

மாலை. அக். கார்டு அழிக்காமல் தனிக் கூட்டில். புதுக் கார்டு போட்டாயிற்று. ரேடியோவில் அறிவிப்பு இசை.

சரோஜா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். இத்தனை வருடம் இந்த நேரத்தில் பேசாதே என்று கைகாட்டுவேன், அவளும் பேச மாட்டாள். இன்று கை தானாகவே பாதி தூக்கி நின்றது.

"இன்னாங்க," என்றாள், "இனிமே நான் இங்க பேசலாமா, கூடாதா?"

பதில் சொல்வதற்குள் கத்தியை வைத்துவிட்டு ரெக்கார்டர் பக்கம் குனிந்தாள். தன் பெயரைச் சொன்னாள். கதவெண், தெருப் பெயர். பிறகு தேதி.

"இன்னிக்கு நாத்தம் ஒண்ணும் இல்ல. எனக்கு மூச்சு நல்லா வருது."